மாடி ஸ்பீக்கரில் ஓடும் இயற்கை

மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை செய்யும் பூக்கடைக்கு எதிரே ஒரு கடைமாடி. சூப்புக்கு உதவும் கூடுகளை எடுத்து விற்பதற்காக, உழவாரன் குருவிகளை வரவழைக்க அங்கே நாள் முழுதும் ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் ஓடும்.

இன்று சாயங்காலம் மல்லிகை வாங்க வந்த ஓர் ஆன்டி, வீடியோ எடுக்கக் கைப்பேசியை அந்த மாடிப் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா, எத்தனை குருவிங்க! மனசுக்கு என்னா அமைதி!"

நான் வாயே திறக்காதவள். இன்று திறந்தேன்.

"ஆன்டி, அது ரெக்கார்டிங்."

"நீ எந்த ஸ்கூல்மா?"

"நிறுத்திட்டேன்."

"அதான் லா. படிச்சிருந்தா இயற்கைய ரசிக்கத் தெரிஞ்சிருக்கும்."

அந்நேரம் எங்கள் கடைவாசல் கூரையில் கூடு கட்டியிருக்கும் நிஜ உழவாரன்கள் திரும்பின. பத்துப் பதினைந்து, ஒரே கூட்டமாகக் கிறீச்சிட்டுக்கொண்டு, அவர் கொண்டையை உரசுவதுபோல் பாய்ந்து வளைந்தன.

"ஐயோ, வௌவால்!" ஆன்டி குனிந்துகொண்டே உள்ளே இருந்த எங்கள் முதலாளியைக் கூப்பிட்டார். "பாஸ், இதையெல்லாம் அடிச்சு விரட்ட மாட்டீங்களா?"

அந்த வீடியோவை இப்போது ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். தலைப்பு: 'இயற்கையின் குரல்'. கீழே முழுக்க இதயங்கள்.

நடுவில் ரெக்கார்டிங் முடிந்து, 'டக்' என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது தெளிவாகவே கேட்கிறது.

படித்தவர்கள் யாராவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அது எந்தக் குருவி?