கொட்டிலில் தொடங்கிய நேர்முகம்

“லண்டனுக்கு வந்தும் மாடு மேய்க்கவோ பிள்ளை படிக்கப் போறாய்?” என்று லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் இருக்கும் சித்தப்பா கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் நான் அடுத்து என்ன படிப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. விவசாயக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் கணக்கியலில் சேர்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

நேர்முகம் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குமுன் கல்லூரி வாசலை மிதித்துவிட வேண்டும் என்றார் அப்பா. நாங்கள் இருந்த நோர்பரியிலிருந்து முதல் ரயிலில் ஏறி ஏழு மணிக்கே போய் நின்றோம். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மாட்டுக் கொட்டிலிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, பால் கறக்க வரச்சொன்ன ஆள் நான்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விளங்காத ஆங்கிலத்துக்கெல்லாம் அப்பாவின் பதில் “யெஸ்”. நான் வாய் திறக்குமுன் ஓவரால் என்கிற வேலை உடுப்பும் ரப்பர் சப்பாத்தும் கைக்கு வந்துவிட்டன.

“பேசாமல் செய் பிள்ளை. இதுதான் சோதினை போல” என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

பால் கறக்கும் மெஷினின் நாலு குழாய்களையும் மாட்டின் மடியில் மாட்ட வேண்டும். முதல் மாடு உதைத்தது. இரண்டாவது என் தோளில் சாணி போட்டது. மடியைத் தொடுமுன் விலாவில் கை வைத்தால் மாடு மிரளாது என்று ஆறாவது மாட்டில்தான் தெரிந்தது. அப்பா என் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி, திரும்பிப் பார்த்த ஒவ்வொரு மாட்டுக்கும் வழிவிட்டார்.

பதினொரு மணிக்கு நேர்முக அறையில் மூவர் இருந்தார்கள். மூன்றாமவர் கொட்டிலில் கண்ட அந்தப் பெரிய மனிதர்; கல்லூரிப் பண்ணைக்குப் பொறுப்பானவர். பண்ணை அனுபவம் உண்டா என்று முதல்வர் கேட்டார்.

“இன்று காலை இரண்டு மணித்தியாலம். அதற்குமுன் மாட்டைத் தொட்டதே இல்லை” என்றேன்.

காலையில் ஆளை மாற்றிப் பிடித்தது வெளிப்பட, பெரிய மனிதர் சிவந்துபோனார். பிறகு, “முதல் ஐந்து மாடுகளில் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு புது ஆள் என்றே எனக்குத் தெரியவில்லை” என்றார்.

இடம் கிடைத்தது. எல்லோருக்கும் உள்ள நிபந்தனைதான்: முதலில் ஒரு வருடம் பண்ணையில் வேலை. அந்தச் சம்பளத்தில் சப்பாத்தும் ரயில் செலவும் போயின. கல்லூரிக் கட்டணத்தையும் படிக்கும் காலச் செலவுக்கான கிராண்டையும் உள்ளூர் கவுன்சில் தந்தது. படிப்பு முடித்ததும் ஒரு மாட்டுத் தீவன நிறுவனத்தில் ஆலோசகர் வேலை கிடைத்தது. விதை, பால் பரிசோதனை என்று வகுப்பில் மற்றவர்களுக்கும் வேலை இருந்தது.

விண்ணப்பிக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: பரீட்சைப் புள்ளிகள் கதவுவரை கொண்டுபோகும். உள்ளே போனதும், செய்ததையும் செய்யாததையும் உள்ளபடி சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை தீவன நிறுவனத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தேன். லண்டனை அடுத்த கென்டில் ஒரு பால் பண்ணையில் எனக்குப் புது வேலை. ஒப்பந்தத்தில் மேலாளர் என்று அச்சிட்ட கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாயிற்று.