ஓட்டுநர் வீட்டு அஸர்

நிஜாமுதீன் ஆம்னி பஸ் ஓட்டுநர். திருச்சிக்கும் பெங்களூருக்கும் ஓட்டியே தலை நரைத்துப்போனவர். நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். மனிதர் பாதி வாழ்நாளைச் சுருக்கியே தொழுதார். ஊரில் இருக்கும் நாட்களில் பள்ளிவாசலில் முன்னின்று தொழவைக்கும் இமாமைப் பின்பற்றிவிடுவதால் வம்பில்லை.

பங்குனியில் ஓய்வு பெற்றார். ஐப்பசி மழை கே.கே. நகர்த் தெருவைக் குளமாக்கிய ஒரு நாள், நான்கு ரக்அத் கொண்ட மாலைநேர அஸர் தொழுகைக்கு வெளியே போக வழியில்லை.

"வீட்டுலயே சேந்து தொழுவோங்க" என்றார் மனைவி மஹ்ஜபீன்.

அவர் முன்னால் நின்றார், மஹ்ஜபீன் பின்னால். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் எதுதான் நேரத்துக்கு நடக்கிறது?

அஸரில் உதட்டுக்குள்தான் ஓத வேண்டும். ஓதினார், குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார். இரண்டாவது ரக்அத் முடிந்து அமர்ந்தவர் எழாமல் வலப்பக்கம் திரும்பி, தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்தார். பின்னால் பட்டென்று ஒரு கைதட்டல். இடப்பக்கம் திரும்பினார். மறுபடியும் தட்டு.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, கொசுவா?"

"பேசிட்டீங்களா, தொழுகையே போச்சு! இமாம் தப்பு விட்டா பொம்பளைங்க கையைத் தட்டித்தானே சொல்லணும்? ரெண்டுலயே முடிச்சிட்டீங்க."

"நாலுதானே தொழுதேன்?"

"ரெண்டுங்க."

நான்கு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, இரண்டு என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "அப்ப போன வாரம் காய்ச்சல்ல தனியா தொழுததெல்லாம்?" கேட்கும்போதே பயமாக இருந்தது.

"அதை அப்புறம் திருப்பித் தொழுதுக்கலாம். பஸ்ஸை விட்டு எறங்கி ஏழு மாசமாச்சு, இன்னும் நீங்க வீட்டுக்கு வந்து சேரல." மஹ்ஜபீன் முக்காட்டைச் சரிசெய்து மறுபடி பின்னால் நின்றார்.

"அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லிக் கைகட்டி, முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது ரக்அத்தில் அமர்ந்ததும் கழுத்து தானாக வலப்பக்கம் போகப் பார்த்தது. இது இரண்டா, நான்கா? சந்தேகத்தோடேயே "அல்லாஹு அக்பர்" என்று எழுந்தார். பின்னால் வளையல் சத்தமும் எழுந்தது. அப்பாடா.

ஆனால் நான்காவது முடிந்தும் எழுந்துவிட்டார். பட்டென்று தட்டு. இந்தத் தடவை கொசுவைத் தேடவில்லை. மரியாதையாக உட்கார்ந்து, மறதிக்கான ஸஜ்தாவையும் செய்து ஸலாம் கொடுத்தார்.

"நாளைக்கும் பின்னால நிக்கிறியா?"

மஹ்ஜபீன் தொழுகை விரிப்பை மடித்தார். "நான் எங்க போனேன்? நீங்க முன்னால நில்லுங்க, போதும்."