கரண்ட் போனதும் வரும் நாடகம்

சுபலா தாம்ராகாருக்கு வாய் கொஞ்சம் அதிகம். நேபாளத்தில் பாட்டன் நகரத்து ஹிட்டி எஃப்.எம் வானொலியில் எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடும் வேலை அவளுக்கு. ஒன்பது வருஷமாக அதைச் செய்கிறாள். அறிவிப்பாளர்களுக்கு ஊரில் பேர் உண்டு, பாட்டுப் போடுகிறவனுக்குக்கூட ரசிகைகள் உண்டு. அட்டவணை போடுகிறவளை யார் கண்டார்கள்? நேரம் சரியாக விழுந்தால் நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது என்பார்கள், விழாவிட்டால் சுபலாவைத் திட்டுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தலைமேல் ஒரு நாடகம் வந்து உட்கார்ந்தது. ‘மாடி வீட்டுக் குடித்தனம்’ என்று பதினைந்து நிமிஷத் தொடர். தண்ணீருக்கும் மாடிப்படிக்கும் வீட்டுக்காரியோடு மல்லுக்கட்டும் குடித்தனக்காரர்களின் கதை. எழுதி நடித்தவள் கிழக்கிலிருந்து வந்த ஜுனு ராய். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் கேட்க ஆள் இல்லை. ராத்திரி ஏழரைக்கு வந்தது, அதே ஏழரைக்கு டிவியில் இந்தி சீரியல். விளம்பரம் கொடுத்த நூடுல்ஸ் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: மாசி மாத நேயர் கணக்கெடுப்பில் முதல் ஐந்து இடத்துக்குள் வராவிட்டால் நாடகத்துக்கு முழுக்கு.

நிலையத் தலைவர் பேகாமான் கையை விரித்தார். சுபலா விடவில்லை.

அவள் கண் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த மின்வெட்டு அட்டவணையில் விழுந்தது. நாளுக்குப் பதினான்கு மணி நேரம் கரண்ட் கிடையாது. ஊரை ஏழு குரூப்பாகப் பிரித்திருந்தார்கள். புதுசாக ஒருவரைப் பார்த்தால் ஜாதி கேட்பதற்கு முன்னால் குரூப் கேட்கிற காலம் அது. கரண்ட் வந்தால் வீடே பம்பரமாகச் சுற்றும். மோட்டார் போடு, சோறு வை, போனைச் சொருகு, டிவியைப் போடு! போய்விட்டால் மெழுகுவத்தி, போர்வை, பேட்டரி ரேடியோ. இதை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மறுநாள் பேகாமான் மேஜையில் காகிதத்தை விரித்தாள்.

“அண்ணே, சாயங்காலம் கரண்ட் போற நேரம் மூணுதான். நாலு, ஆறு, எட்டு, ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம். எந்த குரூப்புக்கு எதுங்கறது மட்டும் தினம் மாறுது. நம்ம நாடகத்த நாலு பத்துக்கு, ஆறு பத்துக்கு, எட்டு பத்துக்குப் போடுவோம். மெழுகுவத்தி தேட பத்து நிமிஷம் குடுத்துருக்கேன்.”

“ஒரே நாடகத்த மூணு தடவையா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? கேக்கறவன் நம்மளத் திட்ட மாட்டானா?”

“ஒரு வீட்டுக்கு ஒரு தடவதான் இருட்டும் அண்ணே. மத்த ரெண்டு தடவையும் அவங்க டிவி முன்னால இருப்பாங்க.”

பேகாமான் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எட்டு மணிக்கு என்னோட கஜல் வருதே?”

“அது தெரிஞ்சுதான் கடைசியாச் சொன்னேன்.”

மூன்றே வாரம். டீக்கடையில் வீட்டுக்காரியின் வசவைப் பையன்கள் பேசிக்காட்டினார்கள். ஆள் ஏற்றும் டெம்போவில் ஒருத்தி, “கரண்ட் போனாத்தான் நல்லாருக்கு, குடித்தனம் வரும்” என்று சொன்னதைச் சுபலா தன் காதால் கேட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள், அவ்வளவு சந்தோஷம்.

கணக்கெடுப்பு முடிந்து தாள் வந்தது. நாடகத்துக்குப் பதினான்காவது இடம்.

பேகாமான் தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். ஜுனு, “சரி விடு அக்கா” என்றாள். அன்றைக்கே கடைசிப் பகுதியை ஒலிப்பதிவு செய்தார்கள். குடித்தனக்காரர்கள் பாத்திரம் பண்டத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். ஜுனுவுக்கு அழுகை நடிப்பாக வரவில்லை, நிஜமாகவே வந்தது. வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு ஒலிபரப்பு என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுபலா மின்வெட்டு அட்டவணையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அங்கே தலைவர் தண்டபாணி உப்ரேதி, சட்டைக் காலர்வரை பொத்தான் போட்ட மனுஷர்.

“நாங்க வீடு வீடாப் போய்க் கேட்டதும்மா. அறுநூறு வீடு. தப்பு வராது.”

“படிவத்தப் பாக்கலாமா சார்?”

படிவக் கட்டொன்றை எடுத்துப் போட்டார். எத்தனை மணிக்கு எதைக் கேட்டீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். அவள் நாடகத்தின் மூன்று கட்டங்களும் காலி. கடைசியில் ‘நேரம் தெரியவில்லை’ என்று ஒரு கட்டம், அதில் மட்டும் எழுத்து நெருக்கியடித்துக் கிடந்தது. கரண்ட் போனதும் குடித்தனம் கேட்டோம். கரண்ட் போனதும் குடித்தனம். படிவத்துக்குப் படிவம் இதேதான்.

சுபலா அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். “இதெல்லாம் எண்ணலையா?”

“நேரம் இல்லாம எப்படிம்மா எண்ணறது? ரேடியோ கேக்கறவங்களுக்குக் கடிகாரம் வேணாமா?”

“இந்த ஊர்ல யாரு சார் கடிகாரம் பாக்கறா? உங்க வீட்டுல எப்ப சோறு வைப்பீங்க?”

உப்ரேதி யோசித்தார். “கரண்ட் வந்ததும்” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

சுபலா அட்டவணையை விரித்தாள். “ஏதாச்சும் ஒரு படிவம் எடுங்க.”

“ஜாவலாகேல் பேட்டை. செவ்வாய்க்கிழமை.”

“குரூப் நாலு. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கரண்ட் போச்சு. அப்ப அவங்க கேட்டது ஆறு பத்து நாடகம். அடுத்து என்ன கேட்டாங்கன்னு எழுதியிருக்கு?”

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “செய்தி.”

“எங்க செய்தி ஆறரைக்கு!”

மனுஷர் காலர்ப் பொத்தானைக் கழற்றினார். எழுத்தர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் பேட்டையைப் படிக்க, ஒருவர் குரூப்பைச் சொல்ல, சுபலா நேரத்தைச் சொல்ல, உப்ரேதி தன் கையாலேயே கோடு போட்டார். தட்டில் அவலும் டீயும் ஆறிப்போயின. ஐம்பது, நூறு, நூற்றைம்பது! கோடு ஏற ஏற அவருக்கே வெறி பிடித்துவிட்டது, “அடுத்தது, அடுத்தது” என்று விரட்டினார்.

இருநூற்று ஐந்து வீடு. மூன்றில் ஒரு வீடு! காலை ராசிபலனுக்கு அடுத்தபடி இரண்டாம் இடம். ராசிபலனை ஜெயிக்க அந்த ஊரில் கடவுளாலும் முடியாது.

உப்ரேதி திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அப்புறம் வெற்றுப் படிவம் ஒன்றை இழுத்து, அச்சடித்த முதல் கேள்விக்கு மேலே, ‘உங்கள் குரூப் எது?’ என்று எழுதினார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்து மூன்று நிமிஷம். சுபலா போனைப் பறித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பு எண் விழுந்தது. மூன்றாம் முறை பேகாமான் எடுத்தார்.

“அண்ணே, ரெண்டாவது எடம்! முத்திர போட்ட தாள் கையில இருக்கு!”

அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம். “அடியே, கடைசிப் பகுதிய மிஷின்ல ஏத்தியாச்சேடி! நான் இப்ப என்ன போடறது?”

“மொதப் பகுதியப் போடுங்க, எதையாச்சும் போடுங்க! குடித்தனக்காரங்க எங்கயும் போகலண்ணே!”