பின்கதவு திறந்த காலை

அப்போது எனக்கு முப்பது வயது. சிவகாசிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தேன். ஆமத்தூரை ஒட்டி, உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவன். மாட்டை அதட்டுகிற குரலிலேயே மனிதரையும் அதட்டுவேன். அதட்டினால் கூட்டம் கலையும். அதுதான் போலீஸ் வேலை என்று நம்பியிருந்தேன்.

ஒரு கோடைக் காலையில், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை ஒன்றில் பெண்கள் உள்ளே போக மறுத்து வாசலில் நிற்பதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் என்னையும் நான்கு கான்ஸ்டபிள்களையும் அனுப்பினார். பத்து மணிக்குள் கலைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

போய்ப் பார்த்தால் பெரிய கூட்டம். ஆனால் கல்லும் இல்லை, கோஷமும் இல்லை. கேட்டருகே நின்ற முதலாளி, "சும்மா நடிக்காளுக ஏட்டய்யா. ரெண்டு தட்டுத் தட்டுங்க, தன்னால போயிருவாளுக" என்றார். லத்தியை ஓங்கிக்கொண்டு கூட்டத்தை நோக்கி நடந்தேன். முன்னால் நின்ற ஒருத்தி நகரவில்லை. அவள் என் லத்தியைப் பார்க்கவேயில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர்களுக்குக் கோபமில்லை, பயம் என்று சட்டென உறைத்தது. லத்தியைப் பக்கத்துக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தேன்.

"தாயி, உள்ள எதைக் கண்டு பயப்படுதீக?"

அவள் கட்டடத்தைக் கைகாட்டினாள். "நேத்து தீக்குச்சிக்கு மருந்து முக்குற எடத்துல தீப்பிடிச்சிருச்சு ஏட்டய்யா. பின்கதவுக்கு ஓடுனோம். வெளிய பூட்டிக் கெடக்கு. தீ அணைஞ்சதால பொழச்சோம். இன்னைக்கும் அந்தப் பூட்டு அங்கனதான் தொங்குது."

"எம்புட்டுப் பேரு உள்ள இருந்தீக?"

"அம்புட்டுப் பேரும்."

முதலாளியை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். பின்கதவின் உட்புறம் முழுக்க மருந்துக் கறை, விரல் விரலாகப் பதிந்திருந்தது. அறைந்த கைகளின் தடம்.

"சரக்கு களவு போயிருது, அதான் பூட்டுதோம்" என்றார் அவர். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "களவுக்கு ஒரு ஆளைக் காவல் போடுங்க. இந்தக் கையெல்லாம் யாரு கைன்னு ஒரு தடவை பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு சாவி கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பூட்டு கழன்றதும் விஷயம் கூட்டத்துக்குப் பரவியது. "நெசமாத் தொறந்திருக்காடி? ஓடித்தான் பாப்பமே!" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான். முன்வாசல் வழியாக நுழைந்து பின்கதவு வழியாக மொத்தப் பேரும் ஓடினார்கள். முதலில் பயந்து பயந்து, அப்புறம் சிரித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டாம் முறையும் ஓடினார்கள். என் லத்திக்கு நகராமல் நின்றவள்தான் அதில் முதல் ஆள்.

பத்து மணிக்கு ஜீப்பில் கூடுதல் ஆட்களோடு வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் வெறும் வாசலைக் கண்டு திகைத்தார். "எத்தனை பேருக்கு அடி?"

"யாருக்கும் இல்லைங்கய்யா. எல்லாரும் வேலையில இருக்காக."

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் தட்டினார். "இனிமே எங்க கூட்டம்னாலும் முதல்ல நீதான்யா போற."

அதுவரை உத்தரவுக்காக வேலைக்குப் போனவன் நான். அன்று மத்தியான வெயிலில் நாங்கள் ஐந்து பேரும் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களைப் போலச் சத்தமாகப் பேசிச் சிரித்தபடி ஸ்டேஷனுக்குச் சைக்கிள் மிதித்தோம்.