கொத்திப் போட்ட தரை

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையைப் போல ஒரு கோணல் தரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யுத்த காலத்தில் போட்ட கான்கிரீட். சிமெண்டு கிடைத்த அன்றைக்கு ஒரு துண்டு, கிடைக்காத மாதங்களில் ஒன்றுமில்லை என்று மாமனார் போட்டுவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ஒரு துண்டு ஏறி நிற்கும், அடுத்தது இறங்கிக் கிடக்கும். நாற்காலியை எங்கே போட்டாலும் ஒரு கால் ஆடும்.

பம்பாயில் உத்தியோகத்தில் இருந்த என் அகத்துக்காரருக்கு அந்த ஆட்டம் ஆகவே ஆகாது. வருகிறபோதெல்லாம் தரையைத் திட்டுவார். இரண்டு வருஷமாக அவர் ஊருக்கே வராததற்குக்கூடத் தரைதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தை குட்டி கிடையாது. பக்கத்து வீட்டில் பேச்சும் பாத்திரமும் உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு ஆளுக்கு உலை வைப்பேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். பத்து நாள் லீவில் வருகிறேன் என்று கடிதம் வந்தது. அதற்குள் தரையைச் சரிபண்ணி ஓடு பதித்துவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை அவரை ஊரோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அவரோடு நானும் ரயிலேற வேண்டும். அதை உட்கார்ந்து பேச எனக்கு ஆடாத நாற்காலி இரண்டு தேவைப்பட்டது.

நாகர்கோவில் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார். வாளி வாளியாகத் தண்ணீரைக் கூடத்தில் கொட்டி, அது தேங்கிய இடங்களைச் சுற்றிக் கரியால் கோடு போட்டார்.

"பள்ளத்த நெரப்பிரலாம்மா. மேட்டக் கொத்தித்தான் எடுக்கணும். வழவழன்னு இருக்க இடத்தையும் கொத்தி விடணும். இல்லேன்னா மேல பூசுறது பிடிக்காது" என்றார்.

நாலு நாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து கொத்தினார். சத்தம் நின்றால், ஏன் நின்றது என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பேன். வீட்டில் இன்னொரு மனித சத்தம் கேட்டு அத்தனை நாளாகியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் தூசியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, "நாளைக்கு ஊர்ல ஒரு கல்யாணம். சனிக்கிழம வந்து பூச்சு போட்டுருதேன். நீங்க ஒண்ணும் தொடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்து பார்த்தால், கூடம் துக்கம் நடந்த வீடு மாதிரி புழுதியும் குழியுமாகக் கிடந்தது. என் அகத்துக்காரரோ பம்பாயில் ரயிலேறத் தயாராகிக்கொண்டிருக்கிறார். ஆள் புறப்படுகிற சமயத்தில் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுத் தரையை மூளியாகப் போடுவதா? பிறந்த வீட்டில் மண்தரை மெழுகிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு கூடை பசுஞ்சாணி வாங்கிக் கரைத்துக் கூடம் முழுக்க மெழுகினேன். குழி ஒன்று விடாமல் தேய்த்தேன். நடுவில் பெரிய இழைக்கோலம். என்னைப் போலக் கெட்டிக்காரி உண்டா என்று இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை கொத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, என்ன பண்ணிப்போட்டிய? சாணி மேல சிமிண்டு பிடிக்குமா? கொத்துன குழிக்குள்ள எல்லாம் போய் உக்காந்திருக்கே!"

தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். போகவில்லை. மறுபடி உளியை எடுத்தார். ஐந்து நாள் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆகவே அவர் வந்து இறங்கிய காலையில் ஓடு பதித்தாகவில்லை. மட்டம் பண்ணின பூச்சு இறுகுவதற்காகக் கூடம் முழுக்க வரப்புக் கட்டித் தண்ணீர் நின்றது. வாசல் நிலைப்படியில் பெட்டியோடு அவர். உள்ளே அடுக்களை வாசலில் நான். நடுவில் தண்ணீர்.

"என்ன, இன்னும் முடியலையா?"

"ஒரு வாரம் யாரும் மிதிக்கப்படாதாம். கொல்லை வழியா வாங்கோ. அடுக்களையும் உள்ளறையும் உலர்ந்துதான் இருக்கு. பாய்கூடப் போட்டு வெச்சிருக்கேன்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வேண்டாம். கரமனையில் அக்காவாத்திலேயே இருந்துக்கறேன். உனக்கும் சிரமம்."

அந்த முகத்தில் வருத்தம் இருக்கும் என்று நான் தேடினேன். பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் அது. அவர் பிறந்து வளர்ந்த வீடு. கொல்லைச் சந்து எங்கே திரும்பும் என்று அவருக்கா தெரியாது?

கரமனைக்குப் பஸ் ஏறி நான் இரண்டு தடவை போனேன். நாத்தனார் வீட்டுப் பந்தியில் அவருக்குப் பரிமாறினேன். நான் நினைத்து வைத்திருந்ததை அத்தனை பேர் நடுவில் எப்படிப் பேசுவது? பத்தாம் நாள் அங்கிருந்தபடியே ரயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கொத்தனார் சிவப்பு ஓடு பதித்து முடித்தார். ரசமட்டத்தை வைத்து, "பாத்தியளா, குமிழ் நடுவுல நிக்கு" என்று காட்டினார். நாற்காலி இரண்டையும் கொண்டுவந்து எதிரெதிராகப் போட்டேன். ஒன்றுகூட ஆடவில்லை.

பிறகு அடுத்த லீவு, அதற்கடுத்த லீவு என்று எழுதினார். நாலு வருஷம் நான் அந்தச் சாணியைத்தான் நொந்துகொண்டேன். என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று எத்தனை வெள்ளிக்கிழமை அழுதிருப்பேன்! ஒருநாள் பம்பாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், என் அகத்துக்காரர் அங்கே வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரிய குழந்தைக்கு வயது ஆறாம். நான் தரையைக் கொத்துவதற்கு முன்பே பிறந்த குழந்தை.

உறவுக்காரர் போனதும் அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இரண்டு நாற்காலியில் ஒன்றைத் தூக்கி உள்ளறையில் போட்டேன்.