கமெராவுக்கு வைச்ச பொட்டு

தொட்டிலுக்கு மேல கமெரா பூட்டி இண்டைக்குத்தான் முதல் நாள். இனிப் பயமில்லாமல் வேலை செய்யலாம் எண்டு கந்தோருக்குப் போனன்.

மத்தியானம் போனில கமெராவைத் திறந்து பார்த்தா ஒரே இருட்டு. மகனைப் பார்க்கிற ரீற்றா அக்காவுக்கு அடிச்சா எடுக்கேல்லை. அந்தோனியாரே காப்பாத்தும் எண்டு மன்றாடிக்கொண்டு ஓட்டோவில பேசாலையில இருக்கிற வீட்டுக்குப் பறந்தன்.

மகன் நல்ல நித்திரை.

"மெதுவா வாங்கோ தங்கச்சி. எழும்பிடுவான் எண்டுதான் போன் சத்தத்தையும் நிப்பாட்டினனான்" எண்டார் அக்கா.

கமெராவை நிமிர்ந்து பார்த்தன். அதின்ர கண்ணாடியில வட்டமா ஒரு கறுத்தப் பொட்டு.

"ஏனக்கா இதில வைச்சனீங்கள்?"

"அது இமைக்காமல் பிள்ளையையே பார்க்குது. கண்ணூறு படாதோ?"

"பொட்டு பிள்ளைக்கெல்லோ வைக்கிறது?"

"அவனுக்கும் வைச்சனான். எங்கட சனத்தின்ர கண்ணுக்கு அது போதும். இது வெளிநாட்டுக் கண்."

படிச்சனான் எண்ட திமிரில துணியை எடுத்துத் துடைக்கப் போனன். அந்த நேரம் பார்த்து மகன் தும்மினான்.

நான் துணியை வைச்சிட்டன்.

கமெரா வாங்கச் சொன்ன படிச்ச தாய்மாரே, நீங்கள் எண்டாத் துடைச்சிருப்பீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ.