கண்டக்டர் கேட்கக்கூடாத கேள்வி

யுத்த காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின. அவற்றை நடத்தியவர்களும் பாதி நேரம் புகைந்துகொண்டுதான் இருந்தார்கள். புதுக்கோட்டையில் அப்படி ஒரு பஸ் கம்பெனியில் நான் குமாஸ்தா. நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்த பாவத்துக்கு, புதிதாகச் சேர்ந்த நான்கு கண்டக்டர்களைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழமை நானே வந்து பாப்பேன். தேறலேன்னா, நீரே பையை மாட்டிக்கிட்டுக் கட்டுமாவடி பஸ்ல ஏறும்" என்றார் முதலாளி. எனக்கோ பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனாலே குமட்டும்.

முதலில் பிரசங்கம் செய்து பார்த்தேன். நால்வரும் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள். மறுநாள் ஷெட்டில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, இதுதான் பஸ் என்று அறிவித்தேன். மெக்கானிக்குகள் பயணிகள். கண்டக்டரின் முதல் வசனத்தை நானே இயற்றியிருந்தேன்: "எங்க போறீங்க?" ஒருவனும் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து, உரக்கக் கேட்கும்வரை விடாமல் சொல்லவைத்தேன்.

ஞாயிறன்று முதலாளி பட்டுக்கரை வேட்டியில் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். என் சீடன் ஒருவன் ஷெட் அதிர, "எங்க போறீங்க?" என்றான்.

முதலாளி எழுந்துவிட்டார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பாக்க அறந்தாங்கிக்குக் கெளம்பி வந்திருக்கேன். கெளம்புறவனை எங்க போறேன்னு கேக்கலாமாடா? வெளங்குமா? யாரு சொல்லிக்குடுத்தது?"

நால்வரும் என்னைக் காட்டினார்கள். சகுனம் கெட்டால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, புதிதாகக் கிளம்பவேண்டும். முதலாளி ஆபீஸ் அறைக்குள் போனார்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலே?" என்றேன் நால்வரிடமும்.

"நீங்க படிச்சவுக. பட்டணத்து வழக்கமாக்கும்னு இருந்துட்டோம்ங்க."

அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பாடத்தை மாற்றியாகவேண்டும். கண்டக்டர்களைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். "நீ பொண்ணு பாக்கப் போறே, நீ மாடு வாங்கப் போறே" என்று ஆளுக்கொரு காரியம் கொடுத்துவிட்டு, பையை நானே மாட்டிக்கொண்டேன்.

"தூரமாங்களா?" என்றேன் பணிவாக.

"ஆமா, தூரந்தான்" என்றான் மாடு வாங்குகிறவன். அதை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்க முடியாது. வேறு வழியின்றி ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவினேன். நாகுடி வந்ததும் அவனாகவே கை தூக்கினான்.

முதலாளி திரும்பி வந்து உட்கார்ந்தார். இம்முறை சீடன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, "அறந்தாங்கி... நாகுடி... கட்டுமாவடி..." என்று கூவினான்.

"அறந்தாங்கி ஒண்ணு" என்று விரலைத் தூக்கிய முதலாளி, அப்படியே சிரித்துவிட்டார். "பயலுக தேறிட்டாங்க. நீர் இங்கிட்டே இரும். ஒம்மை பஸ்ல விட்டா ஒரு கல்யாணமும் நடக்காது."

உடனே பையைக் கழற்றிச் சீடன் தோளில் மாட்டினேன்.